கப்பல் நேரம்

பிப்ரவரி 8, சனி. கோபி

பெரியம்மாவின் முழங்கால் வீக்கம் இறங்கவே இல்லை. அவர் இடத்தில் நான் கப்பலில் போகிறேன். விசா நேற்று வந்தது.

பெயிண்ட் கம்பெனி வருடாவருடம் தன் டீலர்களை எங்காவது கூட்டிப்போகும். இந்த முறை சிங்கப்பூரில் கப்பல் ஏறி, வியட்நாமில் சைகோன் நகரத்தில் ஒரு பகல் இறங்கி, மறுபடி சிங்கப்பூர். தென் மண்டலத்தில் பெரியப்பா கடைதான் முதலிடம் என்பதால் அவருக்கு மூன்று டிக்கெட்: அவருக்கு, பெரியம்மாவுக்கு, அவர்கள் மகள் பிரவீணாவுக்கு. கப்பலில் விழா வைத்து ஷீல்டு கொடுப்பார்களாம். பதினெட்டு வருடம் இரண்டாவதும் மூன்றாவதுமாக வந்தவர். கோட்டு தைத்து வந்ததிலிருந்து தினம் ஒருமுறை போட்டுப் பார்க்கிறார்.

அப்பாவும் அந்தக் கடையில்தான் இருக்கிறார். அண்ணன் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். தம்பி டப்பாவைக் குலுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பார்.

பெரியம்மா காலுக்கு எண்ணெய்த் துணி சுற்றியபடி சொன்னார்: "தாராபுரத்துக்காரங்களும் வர்றாங்க கண்ணு. அங்கயே பேசி முடிச்சுப்போடலாம்னு உங்க பெரியப்பா. பிரவீணா அந்தத் தம்பிகூடப் பேசட்டும், பழகட்டும். ஆனா தனியா உட்டுப்போடாத. நீ பக்கத்துலயே இருந்துக்க."

"சரிங்க பெரியம்மா."

"நீ இருக்கறதால எனக்குப் பயமில்ல."

பாஸ்போர்ட் எடுத்து ஆறு வருடம் ஆகிறது. அதில் இன்னும் ஒரு முத்திரைகூட இல்லை.

பிப்ரவரி 10, திங்கள்

விமானத்தில் ஜன்னல் இருக்கை பிரவீணாவுக்கு. அவள் தூங்கிவிட்டாள். நடு இருக்கையிலிருந்து அவள் தலைக்கு மேலாகக் கொஞ்சம் மேகம் பார்த்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய். கப்பல்

துறைமுக நகரங்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். படித்த எதிலும் அறுபது பேர் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு, புளியோதரைப் பொட்டலத்துடன் வரிசையில் நிற்கவில்லை.

எனக்கும் பிரவீணாவுக்கும் ஒரே அறை. அவளுடைய பெட்டிகள் இரண்டும் அலமாரியை எடுத்துக்கொண்டன. என் துணிகள் என் பையிலேயே இருக்கின்றன. கம்பெனி அதிகாரி ஜெரால்டு சார் எல்லோரையும் இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டார். எங்கே இறங்கினாலும் ஏறினாலும் உங்களுடைய ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். அவர் தலைகளை எண்ண மாட்டார், இருக்கைகளில் இரண்டு இரண்டாக எண்ணிக்கொண்டு போவார். பதினோரு வருடமாக இப்படித்தானாம், ஒரு ஆள்கூடத் தொலைந்ததில்லையாம். என்னுடைய ஆள் பிரவீணா.

எனக்கு இன்னொரு வேலையும் கிடைத்திருக்கிறது. தினமும் சாயங்காலம் கதவுக்கு அடியில் மறுநாளைய விவரத் தாள் ஒன்று ஆங்கிலத்தில் வருகிறது. அதை நான் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும். "என்ற தம்பி பொண்ணு காலேஜுல வாத்தியார் வேலைங்க" என்று பெரியப்பா எல்லோரிடமும் சொன்னார். தற்காலிக வேலை என்பதைச் சொல்லவில்லை. அது நல்ல மனம்தான்.

தாராபுரத்திலிருந்து வசந்தாமணி அத்தையும் அவர் மகன் சபரீஷும். இந்த அத்தையை எனக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டில் கேசரி சாப்பிட்டிருக்கிறார். போகும்போது வாசலில் செருப்பைத் தேடியபடி, "படிப்பெல்லாம் சரிதானுங்க, மொகத்துல ஒரு களையில்லீங்களே" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். ஜன்னல் திறந்திருந்தது.

இன்று என்னைப் பார்த்து, "அம்மிணி, உன்னைய எங்கியோ பாத்த மாதிரி இருக்குதே" என்றார்.

"கல்யாணத்துல எங்கியாச்சும் பாத்திருப்பீங்க அத்தை."

சபரீஷ் மணி பார்த்தார். பெரிய வட்டக் கடிகாரம் கட்டியிருக்கிறார். பழைய மாதிரி, முள் வைத்தது. நானும் முள் கடிகாரம்தான். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 12, புதன்

நாள் முழுக்கக் கடல். வசந்தாமணி அத்தைக்குத் தலைசுற்றல். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே படுத்திருக்கிறார். நாளை நகரத்துக்கு வரப்போவதில்லை. பிரவீணாவின் துப்பட்டாவில் ஊறுகாய்க் கறை. கை கழுவும் தொட்டியில் போட்டு அலசி, விளக்குக் கம்பியில் காயவைத்தேன்.

சாயங்காலத் தாளில் முக்கியமான வரி ஒன்று இருந்தது. சைகோனின் நேரம் ஒரு மணி நேரம் பின்னால். ஆனால் கப்பல் தன் நேரத்தை மாற்றாது. செல்போன்கள் அங்கே போனதும் தாமாகவே மாறிவிடும், அவற்றை நம்ப வேண்டாம், பஸ்ஸும் கப்பலும் கப்பல் நேரத்துக்கே கிளம்பும். துறைமுகத்திலிருந்து நகரம் இரண்டு மணி நேரத் தூரம். பஸ்ஸை விட்டால் கப்பலையும் விட்டதுபோல்தான். அடிக்கோடு போட்டு, இரண்டு முறை படித்துச் சொன்னேன். எல்லோரும் கடிகாரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். சபரீஷ் தலையசைத்தார்.

பிரவீணா அங்கே இல்லை. மேல்தளத்தில் யாரோ படமெடுக்க, நின்றுகொண்டிருந்தாள்.

"பிரவீணாகிட்டயும் சொல்லிப்போடு சுகந்தி" என்றார் பெரியப்பா.

"சொல்லிடறேங்க."

அறைக்குப் போனபோது அவள் ஒரு காதில் ஜிமிக்கியும் மறு காதில் வளையமும் போட்டு, கண்ணாடி முன் நின்றாள்.

"எது அக்கா?"

"ஜிமிக்கி."

"உனக்கு எல்லாமே பழசுதான் புடிக்கும்." வளையத்தைப் போட்டுக்கொண்டாள். பிறகு கண்ணாடியிலேயே என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அக்கா, ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே. அவங்க உன்னையப் பாக்க வந்தன்னைக்கு மிச்சக் கேசரி பூராத்தையும் நாந்தான் தின்னேன். சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால நின்னு. அப்பவே நெனச்சேன், மாப்ள சூப்பரா இருக்கறாரு, இந்தப் புத்தகப் பூச்சிக்கு எதுக்குன்னு. நல்லவேளை வேண்டாம்னுட்டாங்க."

"ஆமா, நல்லவேளை."

"உனக்கு வருத்தமில்லையே?"

"இல்ல."

"அதான் எனக்கு உன்னையப் புடிக்கும். உனக்கு எதுலயுமே ஆசை கெடையாது."

துப்பட்டா காய்ந்துவிட்டது, கறை போகவில்லை. மடித்து வைத்தேன். தாளைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டது. காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 13, வியாழன். சைகோன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

துறைமுகத்தில் இரண்டு பஸ். பெரியப்பா முதல் பஸ்ஸில் ஏறினார். நானும் பிரவீணாவும் இரண்டாவதில், பின் இருக்கையில் சபரீஷ். ஜெரால்டு சார் ஒலிபெருக்கியில், "மத்தியானம் மூணு மணிக்கு மார்க்கெட் வாசல்ல பஸ் கெளம்பும். கப்பல் நேரம். சுகந்தி மேடம் நேத்து சொன்னது ஞாபகம் இருக்கில்ல?" என்றார். எல்லோரும் இருக்குதுங்க என்றார்கள். பிரவீணாவின் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மூணு மணி என்பது மட்டும் கேட்டிருக்கிறது.

சைகோனில் சாலையைக் கடப்பது தனி வித்தை. ஆற்றில் வெள்ளம் போவதுபோல் ஸ்கூட்டர்கள். சிக்னல் இருந்தாலும் இல்லாததுபோல்தான். நிற்கக் கூடாது, ஓடக் கூடாது, ஒரே வேகத்தில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். வண்டிகள் நம்மைச் சுற்றிக்கொண்டு போகும். பெரியப்பா ரோட்டோரம் நின்று, "நம்ம சத்தி ரோடே பரவால்ல" என்றார். பிரவீணா கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "அக்கா, நீ போ. நான் வர்றேன்" என்றாள். அக்கரை போய்ச் சேர்ந்தபிறகும் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை. உள்ளங்கை வியர்த்திருந்தது.

முதலில் மாரியம்மன் கோயில். அந்த ஊர்க்காரர்கள் கையில் கத்தை ஊதுபத்தியுடன் வந்து, சன்னதிக்குப் பின்னால் கற்சுவரில் நெற்றியை வைத்து, சுவரின் காதில் சொல்வதுபோல் எதையோ முணுமுணுக்கிறார்கள். நானும் நெற்றியை வைத்தேன். கல் குளிர்ச்சியாக இருந்தது. என்ன சொன்னேன் என்பதை இந்த நோட்டிலும் எழுதப்போவதில்லை.

பிறகு மார்க்கெட். வாசலுக்கு மேலே கோபுரம் மாதிரி கட்டி, அதில் பெரிய கடிகாரம். உள்ளே துணி, மிளகு, காயவைத்த மீன், தாமரை விதை. நடுவில் ஒரு தையற்கடை. நாலு மணி நேரத்தில் அந்த ஊர் நீள அங்கியைத் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். பிரவீணா மயில்கழுத்து நிறத்தில் பட்டு எடுத்தாள். கடைக்காரம்மா அளவெடுத்துவிட்டு, கால்குலேட்டரில் இரண்டரை என்று அழுத்திக் காட்டினார்.

பிரவீணா செல்போனைப் பார்த்தாள். "இப்ப பத்தரை. ரெண்டரைக்குக் குடுக்கறாங்க. பஸ் மூணு மணிக்கு. கரெக்டா இருக்குது" என்றாள்.

என் கடிகாரத்தில் பதினொன்றரை. நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்த பெரிய கடிகாரமும் பத்தரை என்றது. ஊரே அவளுக்குச் சாட்சி சொல்லும்போது நான் ஒருத்தி என்ன சொல்வது. துணிகளைப் பார்க்க ஆரம்பித்தேன். நல்ல பருத்தி.

சாப்பிட்டோம். சுற்றினோம். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு தாராபுரம் கடையில் எந்தச் சுவருக்கு என்ன நிறம் என்று சொன்னாள். சபரீஷ் உம் கொட்டினார்.

கப்பல் நேரம் இரண்டே முக்காலுக்கு, எனக்குக் கால் வலிக்கிறது, பஸ்ஸுக்குப் போகலாமா என்று கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே குறித்துக்கொள்கிறேன்.

"இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்குதே. நீங்க ரெண்டு பேரும் போய் உக்காருங்க. நான் டிரஸ்ஸ வாங்கிட்டு வந்தர்றேன்."

"லேட் பண்ணாத."

"நீ இருக்கறயில்ல. பஸ்ஸ விட்டுருவயா?" சிரித்தபடி தன் மஞ்சள் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தாள். "எடத்தப் புடிச்சு வை."

பஸ்ஸில் சபரீஷ் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய ஆள் அவர் அம்மா, கப்பலில் படுத்திருக்கிறார். முதல் பஸ் போய்விட்டிருந்தது. மூன்று மணிக்கு ஜெரால்டு சார் இருக்கைகளுக்கு நடுவே வந்தார். இரண்டு, நாலு, ஆறு. எங்களிடம் வந்து, இரண்டு தொப்பியைப் பார்த்து, விரலை மடக்கி, அடுத்த இருக்கைக்குப் போனார். "பக்கத்துல ஆள் இல்லாதவங்க கை தூக்குங்க" என்றார்.

யாரும் தூக்கவில்லை.

முதல் பஸ்ஸில் ஏறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள முடியாதது என்று எதுவுமில்லை.

சபரீஷ் பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். இரண்டு மணி நேரம் காப்பியைப் பற்றிப் பேசினோம். இந்த ஊர்க் காப்பியில் கெட்டிப்பால் அதிகம்.

அதே நாள், மாலை

கப்பல் ஏணிக்குக் கீழே பெரியப்பா வெயிலில் நின்றிருந்தார்.

"பிரவீணா எங்க கண்ணு?"

"உங்க பஸ்ல வரலீங்களா பெரியப்பா?"

அவர் முகத்தில் அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. கப்பலுக்குள் வந்ததும் செல்போன் வைஃபையைப் பிடித்து ஒன்பது முறை அதிர்ந்தது. ஒன்பதும் அவளுடைய அழைப்புகள். திருப்பி அழைத்தேன், போகவில்லை. ஐந்தரைக்கு ஒலிபெருக்கியில் அவள் பெயரைத் தப்புத் தப்பாக மூன்று முறை கூப்பிட்டார்கள்.

கப்பல் அதிகாரி ஒரு பெண், கறாராக இருந்தாள். ஆறு மணிக்குக் கிளம்பியே ஆக வேண்டும், பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் துறைமுக ஏஜெண்டிடம் விட்டுவிடுவோம், அந்தப் பெண் விமானத்தில் சிங்கப்பூர் வந்துவிடலாம். மொழிபெயர்த்துச் சொன்னது நான்தான். நிதானமாகச் சொன்னேன்.

பெரியப்பா, "நான் எறங்கிக்கறேன்" என்றார்.

ஜெரால்டு சார், "நாளைக்கு ஷீல்டு, சார்" என்றார்.

"ஷீல்டு கெடக்குதுங்."

பாஸ்போர்ட்டை எடுக்க நான் ஓடினேன். அறைப் பெட்டகத்தின் ரகசிய எண் அவளுடைய பிறந்தநாள். பாஸ்போர்ட்டில் இருக்கும் தேதி அல்ல, நாங்கள் கேக் வெட்டும் நாள். ஒரு பையில் மாற்றுத் துணி இரண்டு எடுத்து வைத்தேன். கறைபட்ட துப்பட்டாவும் அதில் போயிருக்கிறது, அவசரத்தில் கவனிக்கவில்லை. மேசை மேல் நேற்றைய தாள், என் அடிக்கோட்டுடன் கிடந்தது. அதை மடித்து இந்த நோட்டுக்குள் வைத்தேன்.

ஏணியைத் தூக்குவதற்குச் சற்று முன் பெரியப்பா அந்தப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இறங்கினார். படியில் ஒருமுறை தடுமாறினார். மேலே பார்க்கவில்லை.

அவருடைய அறையில் கோட்டு ஹேங்கரில் தொங்குகிறது. ஊதா.

பிப்ரவரி 14, வெள்ளி. கடல்

காலையில் செய்தி வந்தது. மார்க்கெட் வாசலில் பெரியப்பா பிரவீணாவைக் கண்டுபிடித்துவிட்டார். மத்தியான விமானத்தில் சிங்கப்பூர் போகிறார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் மேசைக்கு மேசை ஒரே பேச்சு. கப்பலை விட்ட பொண்ணு என்று பெயர் வைத்துவிட்டார்கள். டீலர்களின் வாட்ஸாப் குழுவில் யாரோ ஆளில்லாத மஞ்சள் தொப்பிப் படம் போட்டிருக்கிறார். முப்பத்தாறு பேர் சிரித்திருக்கிறார்கள்.

வசந்தாமணி அத்தைக்குத் தலைசுற்றல் தெளிந்துவிட்டது. "வயசுப்புள்ள, பேர் தெரியாத ஊருல, பொழுதெறங்கற வரைக்கும் தனியா. நடந்தது நடக்காதது யாருக்குங் தெரியும்? நேரங்காலம் தெரியாத புள்ளைய வெச்சு எப்படிங் குடும்பம் பண்றது?" என்று பக்கத்து மேசைக்குச் சொன்னார்.

பதினொரு மணிக்கு விழா. பெரியப்பாவின் பெயரைச் சொன்னபோது நான் மேடையேறி ஷீல்டை வாங்கினேன். அம்மாவின் அரக்குப் புடவை கட்டியிருந்தேன். கைதட்டினார்கள். இறங்கியதும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தப் பொடவைல என்ன களையா இருக்கற அம்மிணி" என்றார்.

நாலு மணிக்கு மேல்தளத்தில் சபரீஷ் வந்து கம்பியைப் பிடித்து நின்றார்.

"கடையில வெச்சே நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தனுங்க" என்றார்.

"எதை?"

"பத்தரைன்னு பிரவீணா சொன்னப்ப நீங்க உங்க வாட்ச்சப் பாத்தீங்க. அப்பறம் வாசக் கடியாரத்தப் பாத்தீங்க. அப்பறம் துணி பாத்தீங்க."

காற்று பலமாக இருந்தது. புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்களும் சொல்லலையே" என்றேன்.

"ஆமாங்க. எனக்கு இந்த எடம் வேண்டாமுங்க. எந்நேரமும் பேசிட்டே இருக்குது. வேண்டாம்னு சொன்னா அம்மா காரணம் கேப்பாங்க. நீங்க ஒரு காரணத்தக் குடுத்தீங்க." சிரித்தார். "அம்மா இப்ப உங்களக் கேக்கலாங்கறாங்க. நானும் சரின்னுட்டனுங்க."

"ரெண்டு வருசம் முன்னால களை இல்லன்னு சொன்னாங்களே."

"அது அம்மா இல்லீங்க, நான். அம்மாவுக்கு அன்னைக்கே உங்களப் புடிச்சுப்போச்சு. நாந்தான் வேண்டாம்னேன். கேட்டா எதாச்சும் சொல்லணுமில்ல, அவங்க அதைச் சொல்லிட்டாங்க."

"ஏன் வேண்டாம்னீங்க?"

அவர் கடலைப் பார்த்தார். "ரொம்ப நல்லவங்கன்னு நெனச்சுட்டனுங்க."

பதில் சொல்லவில்லை. சொல்லாததை அவர் என்னவாக எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 15, சனி. சிங்கப்பூர்

முனையத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருவரும் நின்றிருந்தார்கள். பெரியப்பாவிடம் ஷீல்டைக் கொடுத்தேன். வாங்கி, எழுத்தைக்கூடப் படிக்காமல் தள்ளுவண்டியில் பெட்டிகளுக்குக் கீழே வைத்தார்.

பிரவீணாவுக்குக் குரலே இல்லை. அழுது அழுது போய்விட்டிருக்கிறது. என்னைக் கட்டிக்கொண்டாள். பயந்துபோனேன். தெரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

"ரெண்டரைக்கே டிரஸ் வாங்கிட்டு வந்துட்டன்க்கா. பஸ் இல்ல. ஒரு டாக்ஸிக்காரன் புரிஞ்சுக்கிட்டு, கப்பல் கெளம்பறதுக்குள்ள கொண்டுபோய் உட்டர்றேன் வான்னு கையக் காட்டிக் கூப்ட்டான். நாந்தான் ஏறல."

"ஏன்?"

"நீ என்னைய விட்டுட்டுப் பஸ்ல ஏற மாட்டயே. நீயும் பஸ்ஸ விட்டுட்டு என்னையத் தேடிட்டு மார்க்கெட்டுக்குள்ள சுத்துவன்னு நெனச்சேன். நான் மட்டும் டாக்ஸில போயிட்டா நீ அங்க தனியா மாட்டிக்குவயே. ஒரு மணி நேரம் ஒவ்வொரு கடையா உன்னையத்தான்க்கா தேடினேன்."

என் தோளில் அவள் மூக்கு ஈரமாக இருந்தது. முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"ரோட்டக்கூடத் தாண்டினன்க்கா. ஒருத்தியா. கண்ணத் தொறந்துட்டு."

பிப்ரவரி 16, ஞாயிறு

விமானத்தில் ஜன்னல் இருக்கையை எனக்குக் கொடுத்தாள்.

மார்ச் 23, ஞாயிறு. கோபி

இன்று நிச்சயம்.

தாராபுரத்துக்காரர்கள் பிரவீணாவை வேண்டாமென்று முறையாகச் சொல்லியனுப்பி, அதே வாயால் என்னைக் கேட்டார்கள். பெரியப்பா இரண்டு நாள் தள்ளிப்போட்டார். மூன்றாம் நாள், "அதுவும் எங்க ஊட்டுப் பொண்ணுதானுங்" என்றார். அப்பா அழுதார். சந்தோஷத்தில் என்று அம்மா சொன்னார். பெரியம்மா நொண்டிக்கொண்டே வந்து பூ வைத்துவிட்டார். அவரிடம் கொடுத்த வாக்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிரவீணாவுக்கு வந்த இரண்டு வரன்களும் விசாரித்துவிட்டுப் போய்விட்டன. அவள் இப்போது பாட்டுக் கேட்பதில்லை. மணிக்கட்டில் முள் கடிகாரம் கட்டிக்கொள்கிறாள்.

என் புடவைக்குக் கொசுவம் வைத்துவிட்டது அவள்தான். கீழே உட்கார்ந்து, மடிப்பு மடிப்பாக, ஊசியை வாயில் கடித்தபடி. "அசையாத அக்கா" என்றாள். எழுந்து, தன் ஜிமிக்கியைக் கழற்றி என் காதில் போட்டாள். "உனக்குப் பழசுதானே புடிக்கும்."

சபையில் தட்டு மாற்றி முடிந்து, எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். சபரீஷ் தலையைச் சாய்த்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "மணி என்னங்க?" என்றார்.

"பத்தே முக்கால்."

"நெசமாவா?"

அவர் சிரித்தார். அத்தைகள் எங்களைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். என் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தே முக்கால்தான்.

அடிக்கோடு போட்ட தாள் இன்னும் இந்த நோட்டுக்குள் இருக்கிறது. அடுப்பில் போட இரண்டு முறை எடுத்தேன். போடவில்லை. அது இல்லாவிட்டாலும் சபரீஷ் மணி கேட்பார். காலையில் காப்பி கொடுக்கும்போது, கடையிலிருந்து சாப்பிட வரும்போது, விருந்தாளிகள் நடுவில். நான் ஒவ்வொரு முறையும் சரியான நேரத்தைச் சொல்வேன்.